இருபத்திரண்டாவது நிமிடம்

“எத்தனை நிமிஷம்னு சொன்னீங்க?”

“இருபத்திரண்டு. வெளிய மழை பேஞ்சா இருபத்தாறு.”

“அவ்வளவு கரெக்டா எப்படிக்கா தெரியும்?”

“எழுதி வச்சிருக்கேன் மா.”

சந்திரகலா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள். அட்டையில் 555 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த, உள்ளங்கைக்குள் அடங்கும் நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கணினியைத் திறந்த நேரம், அது நின்ற நேரம், கடைசியில் ஒரு சொல்: வெயில் அல்லது மழை. ஐந்து மாதங்களாக ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தாள். காய்ச்சல்கார வீட்டில்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காக உஷ்ணம் குறித்து வைப்பதில்லை.

கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்த ஜனகா அந்த நோட்டை நின்றபடியே நாலு பக்கம் புரட்டினாள். முப்பது வயதுக்காரி. முதுகுப் பையைக் கழற்றக்கூட மறந்திருந்தாள். சங்கத்துக்கு வந்த மூன்றாவது கணினி வைத்தியர் அவள். முதலில் வந்தவர் கணினியை நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டி, ஓடுகிறது பாருங்கள் என்று பத்தாவது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். இரண்டாமவர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். பழுது மட்டும் பழையபடியே இருந்தது.

“உக்காந்து வேல பாக்கற எவரும் இப்படி எழுதி வச்சு நான் பாத்ததில்லக்கா,” என்றாள் ஜனகா. “இத யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“கமிட்டியில காட்டினேன். வேல நேரத்துல நோட்டு எழுதிக்கிட்டு இருக்கேன்னு மினிட்ஸ்ல ஏத்திட்டாங்க.”

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கும் ஒரு மணப்பெண் அலங்காரக் கடைக்கும் நடுவே மேலேறும் படிக்கட்டின் உச்சியில் இருந்தது வைகறை நற்பணிச் சங்கம். நற்பணி என்பது பெயரிலேயே வந்துவிட்டதால் அதைத் தனியாகச் செய்ய வேண்டிய நெருக்கடி சங்கத்துக்கு அதிகம் நேர்ந்ததில்லை. ஆனால் கூட்டம் நடத்துவதில் யாரும் குறை சொல்ல முடியாது. பதின்மூன்று பேர் கொண்ட செயற்குழு மாதம் இருமுறை கூடியது. முந்தைய கூட்டத்தில் என்ன பேசினோம் என்று பேசிக் கலைந்தது. அதையெல்லாம் தமிழில் டைப் செய்து கோப்பில் போடுவது சந்திரகலாவின் வேலை. பதினோரு வருடமாக அதைச் செய்கிறாள். அந்தப் பதின்மூன்று பேரும் மேடையில் தமிழுக்காக உயிரை விடத் தயாராக இருந்தார்கள். தமிழில் டைப் செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கணினி இடையில் நின்று போவதைப் பற்றிச் செயற்குழு ஐந்து கூட்டங்களில் ஆராய்ந்திருந்தது. தமிழ் எழுத்துக்குக் கொம்பும் காலும் அதிகம், அந்தச் சுமை தாங்காமல்தான் மூச்சு முட்டுகிறது என்றார் பொருளாளர். தெற்கே பார்த்து இருப்பதுதான் காரணம் என்று ஆலோசகர் சொல்ல, நான்கு பேர் சேர்ந்து மேசையைக் கிழக்கே திருப்பினார்கள். திசை மாறியது, நிமிடம் மாறவில்லை. இளைஞர் பகுதித் தலைவர் தமது ஐம்பத்தெட்டு வயது அனுபவத்தில் அது வைரஸ் என்று அடித்துச் சொன்னார். மகளிர் பகுதி ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தது. அது இன்னும் கீபோர்டுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய மிளகைப்போல் சுருங்கிக் கிடந்தது. கடைசியில் சங்கத்தின் வரலாற்றில் முதன்முறையாக எல்லோரும் ஒரு கருத்துக்கு வந்தார்கள். காரணம் சந்திரகலா.

அதற்குச் சாட்சிகளும் இருந்தார்கள். இருபத்திரண்டாவது நிமிடம் நின்றுபோனால் அதுவரை அடித்ததெல்லாம் போகும் என்பதால், இருபதாவது நிமிடமே கணினியை அவளாக நிறுத்தி, பத்து நிமிடம் ஆறவிடக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நிமிடத்தில் பிளாஸ்கிலிருந்து ஒரு வாய் தே ஓ, பாலில்லாத தேநீர், ஊற்றிக் குடிப்பாள். செயற்குழுவில் யார் படியேறி வந்தாலும் சரியாக அந்தப் பத்து நிமிடத்தில்தான் வருவார்கள். கூட்டத்துக்கு ஒருபோதும் நேரத்தோடு வராதவர்கள்கூட இதற்குத் தப்பாமல் வந்தார்கள். இருண்ட திரை, அதன் முன்னால் கோப்பையுடன் ஒரு பெண். பார்த்ததும் கதை புரிந்துவிடும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. காலையில் செயற்குழுக் கூட்டம். அதன் நிகழ்ச்சி நிரலில் ஏழாவது: ‘அலுவலகப் பணியாளரின் சேவையை மறுபரிசீலனை செய்தல்.’ தன்னை அனுப்பி வைக்கும் அந்த வரியையும் அவள்தான் டைப் செய்தாள். அந்த இடத்தில் கணினி இரண்டு தடவை நின்றது. மூன்றாம் தடவை முடித்துக் கையெழுத்துக்கு வைத்தபோது, செயலாளர் பரமேஸ்வரன், “இதுக்கா கலா இவ்வளவு நேரம்?” என்றார். அந்த நாற்காலிக்கு அவர் மருமகள் விஷ்ணுப்ரியாவை நினைத்து வைத்திருந்தார். விஷ்ணுப்ரியாவுக்கும் தமிழ் டைப் வராது. ஆனால் சொந்தமாக மடிக்கணினி இருந்தது.

கம்போங் மேடான் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் சந்திரகலாவின் வீடு. லோரி ஓட்டி ஓட்டிக் கணவரின் முதுகு போன வருடமே ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது. அவள் சம்பளம்தான் அந்த நான்கு மாடியும் ஏறி வருகிற ஒரே சம்பளம். அதனால்தான், செயலாளர் ‘கடைசியா ஒரு ஆள வச்சுப் பாத்துட்டு எழுத்துல ஒரு ரிப்போர்ட் வாங்கிருவோம்’ என்றபோது, அந்த ஆளைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்று வியாழன். நாலரைக்கு, டத்தோ பட்டம் பெற்ற தம்புசாமி வருகிறார். அவர் வாங்கிக் கொடுத்த கணினியை ஒருத்தி என்ன பாடுபடுத்தியிருக்கிறாள் என்று காட்டச் செயலாளரே போன் போட்டு அழைத்திருந்தார். இப்போது மணி இரண்டே கால்.

“ஒண்ணு சொல்லுங்கக்கா,” என்றாள் ஜனகா. “சூடு ஆறினா நல்லா ஓடுது. மழ பேஞ்சா நாலு நிமிஷம் கூட ஓடுது. இது வைரஸும் இல்ல, எலுமிச்சையும் இல்ல. உள்ள வெந்து போகுது. எப்ப இருந்து?”

“நோட்டுல மொத பக்கம் பாரு. பொங்கலுக்கு மறுநாள்.”

“கம்ப்யூட்டர் எப்ப வந்துச்சு?”

“தீபாவளிக்கு.”

“அப்ப ரெண்டு மாசத்துக்கு மேல நல்லா ஓடியிருக்கு. பொங்கல் அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“திறப்பு விழா.”

“எதுக்கு?”

“கம்ப்யூட்டருக்குத்தான்.”

ஜனகா நோட்டை மூடிவிட்டு அவளைப் பார்த்தாள். சந்திரகலாவின் முகத்தில் சிரிப்பே இல்லை. ஜனகா மெல்லக் குனிந்து, மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். சிபியு அங்கே இல்லை.

“இங்க இருக்கு,” என்றாள் சந்திரகலா.

அது மேசைமேல், வாசலைப் பார்த்து, சிறிய மணையொன்றில் எழுந்தருளியிருந்தது. பக்கவாட்டில் ஏ4 தாளைவிடப் பெரிய பித்தளைத் தகடு பளபளத்தது. தமிழர் வாழும் எந்த ஊரிலும் கோயில் டியூப் லைட்டில் நன்கொடையாளர் பெயரைக் கறுப்பு மையில் எழுதுவதுண்டு. பெயர் நீளம் என்றால் வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். வைகறைச் சங்கம் அதோடு நிற்பதில்லை. சுவர்க் கடிகாரத்தில் பெயர். தண்ணீர்ச் சூடாக்கியில் பெயர். கழிவறை வாளியில்கூட முன்னாள் உதவித் தலைவர் ஒருவரின் அமரரான தந்தையார் நினைவு கூரப்பட்டார். கணினிக்கு மட்டும் பெயர் இல்லாமல் போனால் அது டத்தோவுக்குச் செய்யும் துரோகம் அல்லவா?

ஜனகா தகட்டில் கை வைத்து, உடனே எடுத்துவிட்டாள். “தோசக் கல்லுலா இது.”

பிறகு பையிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்தாள். இருபது நிமிடம் அதிலேயே மூழ்கியிருந்தாள். உள்ளிருந்த நினைவகத் துண்டுகளைக் கழற்றி, அவற்றின் செப்பு விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து மாட்டினாள். தூசியை ஊதினாள். ஃபேனைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியாக, கழற்றி வைத்திருந்த பக்கப் பலகையைத் தூக்கி, உட்புறத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பலகையின் நடுவில் காற்று போய்வர வரிசை வரிசையாக நூறு துளை. அத்தனை துளைக்கும் பின்னால் பித்தளை. ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

“இதுதாங்க்கா மூக்கு,” என்றாள். “மூக்க அடச்சுப் பேர் எழுதி வச்சிருக்காங்க.”

சந்திரகலா பலகையைத் திருப்பிப் பார்த்தாள். படிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. செதுக்குகிற கடைக்கு அந்தப் பெயர்களை அடித்து அனுப்பியதும் அவள்தான். டத்தோ கேட்டது கையகலத் தகடு. ‘இக்கணினி டத்தோ தம்புசாமி அவர்களின் அன்பளிப்பு’ என்று இரண்டே வரி. அதை ஏற்பாடு செய்த செயலாளரின் பெயர் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று செயலாளர் யோசித்தார். செயலாளர் இருந்தால் தலைவர் இருக்க வேண்டும். தலைவர் இருந்தால் பொருளாளர் சும்மா இருப்பாரா? யார் பெயர் யாருக்கு மேலே என்று மூன்று வாரம் சண்டை நடந்தது. ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுத்து, பெயர் ஒரு வரி மேலே ஏறியதும் திரும்ப வாங்கிக்கொண்டார். தகடு வளர்ந்தது. மேலே இரண்டு வரி டத்தோ. அதற்குக் கீழே, பதின்மூன்று வரி செயற்குழு.

அவள் விரலால் அளந்து பார்த்தாள். டத்தோவின் வரிகள் துளைகளுக்கு மேலே, வெறும் இரும்பின்மேல் இருந்தன. துளைகள் தொடங்குவது செயலாளர் பரமேஸ்வரனிலிருந்து. முடிவது இளைஞர் பகுதித் தலைவரில்.

“தொறந்தே ஓட்டிப் பாப்போம்,” என்றாள் ஜனகா. பலகையைச் சுவரோரமாகத் தரையில் சாய்த்து வைத்தாள். மணி இரண்டு ஐம்பதுக்குக் கணினியைப் போட்டார்கள்.

மூன்று பன்னிரண்டு வந்தது. திரையில் அம்பு நகர்ந்தது. மூன்று இருபது. மூன்றரை. அவள் தேவாரப் போட்டிச் சான்றிதழ்களைத் திறந்து, பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தாள். நாற்பது பெயர் ஆயிற்று. கணினி ஒரு வார்த்தை முனகவில்லை. ஐந்து மாதங்களாக ஒரு குதிரையின் முதுகில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு, அது மேய்ந்துகொண்டே தன்னை ஆற்றங்கரைக்குக் கூட்டி வந்துவிட்டதுபோல இருந்தது. நோட்டை எடுத்து அன்றைய தேதியில் ‘நிற்கவில்லை’ என்று எழுதினாள். எழுதிய பிறகும் பேனாவை மூடவில்லை. அந்தச் சொல் அந்த நோட்டில் அதுவரை வந்ததேயில்லை.

நாலு மணிக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பரமேஸ்வரன் உள்ளே வந்தார். கணினியைப் பார்க்கவில்லை. நேராகத் தரையைத்தான் பார்த்தார்.

“யார் இத கீழ வச்சது?”

“நான்தான் அங்கிள்,” என்றாள் ஜனகா.

“பேரு இருக்கு மா அதுல. நாலு பேர் நடக்கற தரையில, காலுகிட்ட… என்ன பிள்ளைங்க நீங்க?” அவர் பலகையைத் தூக்கி, தம் பெயர் இருந்த வரியைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு மற்றவர்கள் பெயரையும், கொஞ்சம் வேகமாக.

ஜனகா பொறுமையாக விளக்கினாள். துளைகளைக் காட்டினாள். ஒரு மணி நேரம் பத்து நிமிடமாக ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினாள். சந்திரகலா நோட்டைக் காட்டினாள். பரமேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டார். கேட்பதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது. இருபது வருடமாகப் பொதுக்கூட்டங்களில் கேள்வி நேரத்தை அப்படித்தான் கடந்து வந்திருக்கிறார்.

“அப்ப, தொறந்தே வச்சிருக்கணும்ங்கற.”

“இல்ல அங்கிள், தகட்ட எடுத்துட்டா போதும்.”

“ஞாயித்துக்கெழம டத்தோ வந்து பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறப்ப அது கொடலக் காட்டிக்கிட்டு நிக்கணும். இல்லாட்டி பேர் இல்லாம மொட்டையா நிக்கணும். அப்படித்தான?”

“செவத்துல மாட்டிக்கலாமே அங்கிள்.”

“செவத்துல மாட்டினா செவத்த டத்தோ கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிரும். செவத்தக் கொடுத்தவரு வேற. அவரு சண்டைக்கு வருவாரு.”

ஜனகாவின் கணினிப் படிப்பில் இந்தப் பாடம் வருவதில்லை.

“மூடு மா,” என்றார் பரமேஸ்வரன். “கலா, உக்காரு. ரிப்போர்ட் அடி. இந்தப் பிள்ளதான் தமிழ்ல அடிக்கத் தெரியாதுங்குது.”

ஜனகா பலகையைப் பொருத்தி நாலு ஸ்குருவையும் முடுக்கினாள். மணி நாலு பத்து. கடைசி ஸ்குருவை முடுக்கும்போது சந்திரகலாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். சந்திரகலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரமேஸ்வரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடியே சொன்னார். அவருக்கு உட்கார்ந்தால் தமிழ் வராது. முதலில் சங்கத்தின் முகவரி. அடுத்து டத்தோவின் வள்ளன்மை, அதற்கு நாலு வரி. அதற்கடுத்து, கணினி யுகத்தில் தமிழினம். அவர் அந்த யுகத்தைக் கடந்து பழுதுக்கு வந்து சேரப் பதினைந்து நிமிடம் ஆனது.

“மேற்படி கணினியைப் பரிசோதித்ததில்… அடிச்சியா? அதனைக் கையாளும் பணியாளரின்…”

“அங்கிள், நான் அப்படிச் சொல்லல,” என்றாள் ஜனகா.

“நீ சொன்னத நான் நல்ல தமிழ்ல சொல்றேன் மா. சூடாகுதுன்னு சொன்னதானே? சூடாகிற வரைக்கும் ஓட்டறது யாரு?”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“போட வேணாம். கமிட்டிக்குத் தமிழ்ல எழுதியிருந்தா போதும், கையெழுத்தெல்லாம் நாங்க பாக்கறதில்ல.” அவர் மறுபடி நடந்தார். “அதனைக் கையாளும் பணியாளரின் கவனக்குறைவும், அடிக்கடி தேநீர் அருந்தும் பழக்கமுமே…”

சந்திரகலா அடித்தாள். பதினோரு வருடமாக அவர்கள் சொன்னதையெல்லாம் அடித்தவள் அவள். செய்யாத நற்பணிகளை அடித்திருக்கிறாள். வராதவர்கள் வந்ததாக அடித்திருக்கிறாள். ஒருமனதாக நிறைவேறாத தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறாள். விரல்கள் தாமாகவே போயின. ‘பணியாளரின் கவன’ என்கிற இடத்தில் திரை நின்றது.

அம்பு அசையவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு முப்பத்திரண்டு.

“பாத்தியா?” என்றார் பரமேஸ்வரன் ஜனகாவிடம், வெற்றியோடு. “அவ கை பட்டா நின்னுரும்.”

“நீங்க தகட்ட மூடி இருபத்திரண்டு நிமிஷம் ஆச்சு அங்கிள்,” என்றாள் ஜனகா.

அந்த நேரத்தில்தான் டத்தோ தம்புசாமி வந்தார். சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம்தான் பிந்தியிருந்தார். சங்கத்தில் அது நேரத்துக்கு முன்னால் வந்ததாகக் கணக்கு. சுங்கை பூலோவில் பர்னிச்சர் கடை வைத்திருப்பவர். படியேறிய களைப்பில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரமேஸ்வரன் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். டத்தோ உட்காரவில்லை. நேராகக் கணினியிடம் போனார். குனிந்து தகட்டைப் படித்தார். தம் பெயரைப் படிக்க ஒரு நொடி ஆனது. அதற்குக் கீழே படிக்க நேரம் பிடித்தது. படிக்கப் படிக்க அவர் புருவம் மெல்ல உயர்ந்தது.

“திறப்பு விழா அன்னிக்கு மால போட்டு மறச்சிருந்தீங்க,” என்றார். “இவ்வளவு பேரா வாங்கிக் கொடுத்தீங்க இத?”

“ஹா ஹா, டத்தோ எப்பவும் இப்படித்தான்,” என்றார் பரமேஸ்வரன்.

டத்தோ சிரிக்கவில்லை. உறைந்துபோன திரையைப் பார்த்தார். “இதுக்கு என்ன வந்துச்சு? நல்ல கம்ப்யூட்டர்தான வாங்கிக் கொடுத்தேன்?”

“அதச் சொல்லத்தான் டத்தோ உங்கள வரச் சொன்னேன். யூஸ் பண்றவங்க ஒழுங்கா யூஸ் பண்ணல. ரிப்போர்ட்லயே வந்திருச்சு, ஸ்கிரீன்ல பாருங்க…”

டத்தோ கண்ணாடியைத் தேடிப் பையில் கைவிட்டார். திரையில் ‘கவன’ என்கிற சொல் பாதியில் நின்றுகொண்டிருந்தது. அது முடியும் இடத்தில் சந்திரகலாவின் பதினோரு வருடமும் முடியும். கண்ணாடி கிடைத்துவிட்டால் அவர் படித்துவிடுவார்.

ஜனகா தன் பையைத் திறந்து, தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஸ்குரு டிரைவரையும் வைத்தாள்.

சந்திரகலா எழுந்தாள். பதினோரு வருடத்தில் கமிட்டிக்காரர்கள் இருக்கும்போது யாரும் கேட்காமல் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. நாற்காலி சத்தமாகப் பின்னால் நகர்ந்தது.

“டத்தோ,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. “நான்தான் இங்க கிளார்க். அது ஒழுங்கா ஓட வழி இருக்கு டத்தோ. காத்துப் போற ஓட்டைய இந்தத் தகடு அடச்சுக்கிட்டிருக்கு.”

“கலா,” என்றார் பரமேஸ்வரன்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆள்காட்டி விரலைத் தகட்டின்மேல், இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவே வைத்தாள். பித்தளை சுட்டது. விரலை எடுக்கவில்லை.

“உங்க பேரு இருக்கட்டும் டத்தோ. அது எதையும் மறைக்கல. இந்த எடத்துக்குக் கீழ இருக்கறத மட்டும் வெட்டி எடுத்துக்கறேன். வெட்டச் சொல்லுங்க டத்தோ.”